ஊரார் மூச்சும் உள்வீட்டுக் கணப்பும்

இங்கிலாந்தின் பெருநகரங்களில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதற்கும் முன்னரோ கட்டப்பட்ட வீடொன்றை வாங்கிக் குடிபுகுகிறவர்கள் (ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் திரளாகக் குடியேறியிருக்கும் நம் தமிழ் மக்களும் இதில் அடக்கம்) வரவேற்பறைச் சுவரில் ஒரு கணப்பு மாடமும், அதன்மேல் கூரையைத் தாண்டிப் போகும் ஒரு புகைபோக்கியும், ஒரு காலத்தில் அங்கே நிலக்கரி எரிந்ததற்குச் சாட்சியாக நிற்பதைக் காண்பார்கள். எரிவாயுக் கட்டணமும் மின்கட்டணமும் ஏறிவிட்ட இக்காலத்தில், அந்த மாடத்தில் ஒரு விறகுக் கணப்பை அமைத்து மாலை வேளைகளில் குளிர் காயலாமே என்ற எண்ணம் பலருக்கு எழுவது இயற்கை. ஆனால் அந்நகரங்களின் பெரும்பகுதி சட்டப்படி ‘புகைக் கட்டுப்பாட்டுப் பிரதேசம்’ என்று பிரகடனம் செய்யப்பட்டிருக்கிறது. கையில் கிடைத்த கட்டையைக் கிடைத்த அடுப்பில் எரிக்க அங்கே எவருக்கும் உரிமையில்லை. எதை எரிக்கலாம், எந்தச் சாதனத்தில் எரிக்கலாம் என்ற விவரங்களை அறியாமல் கடைக்குப் போகிறவர், பெரும் பொருளைச் செலவிட்டு, தமக்கும் பயன்படாமல் அண்டை வீட்டாருக்கும் தீங்கு விளைக்கும் ஒன்றை வாங்கி வந்துவிடக்கூடும்.

இலண்டன் மாநகரின் புகைத் தொல்லை நெடுங்காலத்தது. கடல்வழியே வந்த நிலக்கரியை எரிப்பதை முதலாம் எட்வர்டு மன்னர் 1306-இலேயே தடை செய்தார், தடை நிலைக்கவில்லை. ஜான் ஈவ்லின் என்ற அறிஞர் 1661-இல் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு இது குறித்து ஒரு சிறு நூலையே சமர்ப்பித்தார். மன்னர் கேட்டுக்கொண்டார், நகரம் கேட்கவில்லை. இப்படியே நூற்றாண்டுகள் கழிந்து, 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, காற்று அசைவற்று நின்று, மேலே வெப்பமான காற்றும் கீழே குளிர்ந்த காற்றுமாக வானம் ஒரு மூடியிட்டாற்போல் அமைந்துவிட, இலட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகளிலிருந்தும் மின்நிலையங்களிலிருந்தும் எழுந்த கரிப்புகை மேலே போக வழியின்றி, ஐந்து நாட்கள் நகரத்தின்மேலேயே கவிந்து கிடந்தது. கால்நடைக் கண்காட்சிக்காக ஏர்ல்ஸ் கோர்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறி மாண்டன. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடந்துகொண்டிருந்த இசை நாடகம், புகைமூட்டம் மண்டபத்திற்குள்ளேயே புகுந்துவிட்டதால் பாதியில் நின்றது. மாண்ட மனிதர்களின் தொகை அப்போது ஏறத்தாழ 4,000 என்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அதை 12,000 வரை உயர்த்தினார்கள்.

அதன்பின் சர் ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் இறுதி அறிக்கை 1954-இல் வெளிவர, ஜெரால்டு நபாரோ என்ற பாராளுமன்ற உறுப்பினர் தாமாகவே ஒரு மசோதாவைக் கொண்டுவந்து அரசாங்கத்தை நெருக்க, 1956-இல் ‘தூய காற்றுச் சட்டம்’ நிறைவேறிற்று. அச்சட்டத்தில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம் ஒன்றுண்டு. அதுவரை ஆலைகளின் புகையை மட்டுமே கண்டித்து வந்த சட்டம், முதன்முறையாகச் சாதாரணக் குடும்பத்தின் கணப்பு மாடத்துக்குள்ளும் நாடு தழுவி நுழைந்தது. நுழைந்தபோது வெறுங்கையோடு வரவில்லை, பழைய கணப்பைப் புகையில்லாததாக மாற்றும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கு வீட்டுக்காரருக்கு மானியமாகக் கிடைக்கவும் வழி செய்தது. ஏழையின் அடுப்பை அணைக்கச் சொல்லும் அரசு, அவன் குளிரில் நடுங்காதிருக்கப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்ற அந்த நியாய உணர்ச்சி இல்லாதிருந்தால், சட்டம் ஏட்டோடு நின்றிருக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

இன்று நடைமுறையில் இருப்பது 1993-இல் தொகுக்கப்பட்ட சட்டமும், 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் இங்கிலாந்துக்கென்று அதில் செய்த திருத்தங்களும் ஆகும். கட்டுப்பாட்டுப் பிரதேசத்தில் குடியிருப்பவருக்கு அவை இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆந்திரசைட் என்னும் கெட்டிக் கரியையோ, அங்கீகாரம் பெற்ற புகையில்லாக் கரிக்கட்டிகளையோ எரிப்பதானால் திறந்த மாடத்திலேகூட எரிக்கலாம். இது முதல் வழி. விறகு அந்த அங்கீகாரப் பட்டியலில் இல்லை. ஆகவே விறகை எரிக்க விரும்புகிறவர், பரிசோதனையில் தேறி அரசாங்கத்தின் விலக்குப் பெற்ற கணப்பு ஒன்றில்தான் எரிக்க வேண்டும்; அதிலும், எந்த எரிபொருளுக்காக விலக்குக் கிடைத்ததோ அந்த எரிபொருளை மட்டுமே. இதை மீறிப் புகைபோக்கியிலிருந்து புகை விடுகிற வீட்டுக்காரருக்கு இங்கிலாந்தில் 175 பவுண்டு முதல் 300 பவுண்டு வரை நகரசபை அபராதம் விதிக்கலாம். விலக்கை வழங்கும் துறையின் சுருக்கப் பெயரைக் கொண்டு, கடைக்காரர்கள் இக்கணப்புகளை ‘டெஃப்ரா கணப்பு’ என்றே வழங்குகிறார்கள்.

விலக்குப் பெற்ற கணப்புக்கும் பெறாததற்கும் என்ன வித்தியாசம் என்பதை அறிய, முதலில் புகை என்பது யாது என்று தெரிந்துகொள்வது அவசியம். விறகு எரிகிறது என்று நாம் சொல்லும்போது, உண்மையில் கட்டை நேராக எரிவதில்லை. சூடேறியவுடன் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. மேலும் சூடேற, கட்டையின் எடையில் பெரும்பகுதி வாயுக்களாகப் பிரிந்து வெளிவருகிறது. அந்த வாயுக்கள் போதிய உஷ்ணத்திலே போதிய பிராணவாயுவோடு கலந்தால்தான் ஜுவாலை உண்டாகிறது. கடைசியில் மிஞ்சும் கரித்தணல் ஏறக்குறையப் புகையின்றியே எரிந்து சாம்பலாகும். நடுவிலுள்ள அந்த வாயு நிலையில், உஷ்ணமோ காற்றோ குறைந்துவிட்டால், வாயுக்கள் எரியாமலே மேலெழுந்து, குளிர்ந்து, நுண்ணிய தார்த்துளிகளாகவும் கரித்துகள்களாகவும் திரள்கின்றன. ஈர விறகை மூட்டிவிட்டு ஊதுகுழலோடு போராடிக் கண் சிவந்த நம் தாய்மார்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. எரியாமல் வீணாய்ப்போன விறகுதான் புகை. ஆதலால் புகையைக் குறைப்பதும், வாங்கிய விறகுக்கு முழுப் பயனைப் பெறுவதும் ஒரே காரியம்.

கடையில் நிற்கும் நல்ல கணப்பு ஒன்றின் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். பக்கச் சுவர்களில் இளம் பழுப்பு நிறத்தில், வெர்மிகுலைட் என்னும் கனிமத்தாலான பலகைகள் பதித்திருக்கும். நகத்தால் கீறினால் பொடி உதிருமளவு மென்மையான அவை, வெப்பத்தை இரும்புக்கு ஓடவிடாமல் நெருப்பின்மேலேயே திருப்பி, எரியும் அறையை வாயுக்கள் பற்றத்தக்க உஷ்ணத்தில் வைத்திருக்கின்றன. பின்சுவரின் மேற்பாதியில் வரிசையாகச் சிறு துவாரங்கள் தெரியும். அடியிலிருந்து வரும் முதற்காற்றில் எரியாது தப்பிய வாயுக்களைச் சூடான புதுக்காற்றால் சந்தித்து, மேலே போகுமுன் இன்னொரு முறை எரிக்க அமைந்தவை அத்துவாரங்கள்; நெருப்பு நன்றாகப் பிடித்தபின் அவற்றின் வாயிலிருந்தே ஜுவாலை புறப்படுவதுபோல் தோன்றும். கதவின் உச்சியிலிருந்து கண்ணாடியை ஒட்டிக் கீழிறங்கும் மற்றொரு காற்றோட்டம், கண்ணாடியில் கரி படியாமல் காக்கிறது.

இனி, காற்றைக் கட்டுப்படுத்தும் பிடியை முழுவதும் மூடும் திசையில் தள்ளிப் பாருங்கள். விலக்குப் பெற்ற பல கணப்புகளில் அது முழுவதும் மூடாது. ஒரு சிறு தடுப்பு குறுக்கே நின்று, ஒரு கீற்று அளவு வழியை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். இது பழுதன்று. இரவு படுக்கப் போகும்போது கட்டைகளை நிறையப் போட்டுக் காற்றை அடைத்து, விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும்படி விடுவது பழங்காலத்து வழக்கம்; ஊரிலுள்ள புகையில் மிக நஞ்சானது அந்த மூச்சடைத்த நெருப்பிலிருந்துதான் பிறக்கிறது. அதைத் தடுக்கவே அந்தச் சிறு உலோகத் துண்டு. சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள் என்பதைக் கேட்கும்போது மனம் வருந்துகிறது. கழற்றிய கணத்திலிருந்து அது பரிசோதனையில் தேறிய கணப்பன்று.

விறகை மட்டும் எரிக்கும் கணப்பா, விறகும் கரியும் எரிக்கும் பல்லெரிபொருள் கணப்பா என்பது அடுத்த கேள்வி. இரண்டின் வயிறும் வேறு. விறகுக்குச் சாம்பல் மெத்தையே நல்ல படுக்கை; அது மேலிருந்து வரும் காற்றில் எரியும். கரியோ அடியிலிருந்து காற்றைக் கேட்பது. அதற்குக் கம்பித் தட்டும், கீழே சாம்பல் தட்டும் வேண்டும், சாம்பலை அடிக்கடி உதிர்த்துவிடவும் வேண்டும். பல்லெரிபொருள் கணப்பில் விறகை எரிக்கும்போது, தட்டின்மேல் சாம்பலைத் தங்கவிட்டு அடிக்காற்றை மூடிவிட வேண்டும்; இதை அறியாதவர்கள் அடிவாயைத் திறந்து வைத்து, விறகு மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடுகிறதே என்று அங்கலாய்க்கிறார்கள். இரண்டும் எரியும் என்றால் அதிகப் பிரயோஜனம்தானே என்று நினைத்துப் பெரும்பாலோர் பல்லெரிபொருள் வகையையே வாங்குகிறார்கள். மாலையில் சில மணி நேரம் விறகு எரிப்பது மட்டுமே உத்தேசமானால், விறகுக்கென்றே வடிவமைத்த கணப்புதான் சிறந்தது என்று நான் கருதுகிறேன். பகல் முழுவதும் வீட்டிலிருக்கும் முதியவர்களுக்கு நெடுநேரம் நிற்கும் சீரான உஷ்ணம் தேவையென்றால், தெற்கு வேல்ஸில் வெட்டியெடுத்துப் புகழ்பெற்ற ஆந்திரசைட் போன்ற கரிக்கு இடம் கொடுக்கும் வகையை நாடலாம். வாயுவாகப் பிரியும் பொருள் அதில் மிகக் குறைவாதலால், பற்றச் சற்றுத் தாமதித்தாலும், புகையின்றி நெடுநேரம் நின்றெரியும்.

எதை வாங்கினாலும் விறகையும் கரியையும் ஒரே வேளையில் கலந்து எரிப்பது கூடாது. கரியிலுள்ள கந்தகமும் விறகிலிருந்து வரும் நீராவியும் சேர்ந்து புகைபோக்கியினுள் அமிலமாகப் படிந்து, உள்ளே இறக்கியிருக்கும் எஃகுக் குழாயை அரித்துவிடும். அக்குழாயிலும் 316 என்றும் 904 என்றும் தரங்கள் உண்டு. கரி எரிக்கும் எண்ணமிருந்தால், விலை கூடினாலும் 904-ஐயே கேட்டு வாங்க வேண்டும். ‘பிட்டுமினஸ்’ வகைச் சாதாரண வீட்டுக் கரி முன்போல் கிடைக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூட்டையில் கட்டிய அக்கரியின் விற்பனை இங்கிலாந்தில் 2021 மே 1-ஆம் தேதியோடும், உதிரியாக விற்பது 2023 மே 1-ஆம் தேதியோடும் நின்றுவிட்டது.

மிகுதியாக நடக்கும் தவறு கணப்பின் அளவில்தான். பெரியது நல்லது என்ற எண்ணம் மனிதர்க்கு இயல்பு; கணப்பின் விஷயத்தில் அது அனர்த்தம். அறையின் நீளம், அகலம், உயரங்களை மீட்டரில் பெருக்கிப் பதினான்கால் வகுத்தால், ஏறத்தாழத் தேவைப்படும் கிலோவாட் கிடைக்கும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள அறைக்கு அதன்படி மூன்றரை கிலோவாட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த அறையில் 8 கிலோவாட் கணப்பை வைத்தவர் என்ன செய்வார்? அரைமணி நேரத்தில் வெக்கை தாங்காமல் காற்றை அடைப்பார். அடைத்தால் நெருப்பு மங்கும், கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும், தெருவெல்லாம் புகை நாறும். சிறு கணப்பைச் சுறுசுறுப்பாக எரிய விடுகிறவர் வீட்டுக் கூரையிலோ, நெருப்புப் பிடித்த சிறிது நேரத்தில் புகை கண்ணுக்குத் தெரிவதே அரிது. மேலும், பழைய வீடுகளில் 5 கிலோவாட் வரை சுவரில் தனியாகக் காற்றுத் துவாரம் வைக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய புது வீடுகளுக்கு இச்சலுகை பொருந்தாது.

கணப்பின்மேல் ஒட்டியிருக்கும் முத்திரைகளைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கணப்புகள் ‘எக்கோடிசைன்’ என்னும் விதிக்கு உட்பட்டவை. அதன்படி, மூடிய முகப்புள்ள விறகுக் கணப்பு வெளியிடும் துகள்கள் ஒரு கன மீட்டர் புகைக்காற்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டலாகாது. விறகின் சக்தியில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் அறைக்குத் தர வேண்டும். டெஃப்ராவின் விலக்கோ வேறு அளவுகோல். மணிக்கு இத்தனை கிராம் புகை என்று கணக்கிட்டு, 5 கிராமும், ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கு 0.1 கிராமும் சேர்த்து எல்லை வகுக்கிறது. ஒன்றில் தேறியது மற்றொன்றிலும் தேறியதென்று கொள்ள முடியாது. கட்டுப்பாட்டுப் பிரதேசத்தில் இருப்பவருக்கு இரண்டும் வேண்டும். ‘கிளியர்ஸ்கைஸ்’ என்ற முத்திரை இருந்தால், அதில் 3-ஆம் படியும் அதற்கு மேலுமே நமக்கு உரியவை. ஏ பிளஸ் என்று பச்சை நிறத்தில் மின்னும் சக்திச் சீட்டைக் கண்டு மட்டும் மயங்கலாகாது: விறகு மீண்டும் விளையும் பொருள் என்பதற்காக அந்தக் கணக்கில் அதற்குச் சலுகை கூட்டப்படுகிறது, புகை எவ்வளவு என்பதை அந்தச் சீட்டு சொல்வதில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்த எண்களெல்லாம், நன்கு உலர்ந்த விறகைக் கொண்டு, பழகிய கைகள் பரிசோதனைச் சாலையில் எரித்துக் கண்டவை. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2022-இல் காற்று மாசு குறித்து வெளியிட்ட ஆண்டறிக்கை, உலர்ந்த விறகை எரிக்கும் எக்கோடிசைன் கணப்புகூட, அதே வெப்பத்தைத் தரும் எரிவாயுச் சாதனத்தைவிடச் சுமார் 450 மடங்கு நுண்துகளை வெளியிடுகிறது என்று காட்டியது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இத்துகள்கள் நுரையீரலின் கடைக்கோடி வரை சென்று இரத்தத்திலும் கலக்கவல்லவை. வீட்டில் வேறு நல்ல வெப்ப வசதி இருந்து, ஆஸ்த்மாவுள்ள குழந்தையும் இருந்தால், அழகுக்காக மட்டும் கணப்பு வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தாலும் அதையேதான் சொல்வேன். வைத்திருப்பவர்களும், 1952-இன் அந்த நாட்களைப்போலக் காற்று அசையாது உறைந்து நிற்கும் இரவுகளில் அதை மூட்டாதிருப்பது உத்தமம்.

விறகைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எத்தனை சிறந்த கணப்பும் ஈரக்கட்டைக்கு முன் தோற்றுப்போகும். வெட்டிய புதிதில் 10 கிலோ விறகில் ஏறத்தாழ 5 கிலோ நீரே இருக்கக்கூடும். அதே விறகு 20 சதவீத ஈரத்துக்கு உலர்ந்தால் ஆறேகால் கிலோவாகக் குறைந்து, அதில் ஒன்றேகால் கிலோதான் நீர் மிஞ்சும். மீதி நீரை வெயிலும் காற்றும் வாங்கிக்கொள்ளாவிட்டால், அதை ஆவியாக்கும் வேலை உங்கள் நெருப்பின் தலையில் விழுகிறது. நெருப்பு குளிர்கிறது, புகை பிறக்கிறது. இதனால்தான், 2 கன மீட்டருக்குக் குறைந்த அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று 2021 மே மாதம் முதல் இங்கிலாந்தில் விதி செய்திருக்கிறார்கள். ‘ரெடி டு பர்ன்’ என்ற முத்திரை அதற்கே. மொத்தமாக வாங்கி வீட்டில் உலர்த்துகிறவர்கள், மேலே மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து அடுக்கி, ஓக் மரமானால் இரண்டு ஆண்டு பொறுத்திருக்க வேண்டும். ஆஷ் மரம் அதைவிட விரைவில் உலரும். சோதிப்பதற்கு இரண்டு ஊசிமுனையுள்ள சிறு ஈரமானி மலிவாகக் கிடைக்கிறது. கட்டையின் வெட்டுமுகத்தில் அதைக் குத்திப் பார்ப்பது பயனற்றது. முனைகள் எப்போதும் முதலில் உலர்ந்துவிடும். கட்டையை அப்போதே இரண்டாகப் பிளந்து, புதிதாய்த் தெரியும் உட்புறத்தில் குத்த வேண்டும். முனையில் 15 என்று காட்டும் கட்டை, நடுவில் 28 என்று காட்டுவதுண்டு. வர்ணம் பூசிய பலகை, மருந்தேற்றிய வேலிக்கட்டை, ஒட்டுப்பலகை ஆகியவற்றை ஒருபோதும் கணப்பில் இடலாகாது. ஈயமும் ஆர்செனிக்கும் புகையோடு வெளிவரும்.

மூட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. கீழே சுள்ளியை வைத்துப் பற்றவைத்து மேலே கட்டையைக் கவிப்பதே நமக்குப் பழக்கம். இக்கணப்புகளுக்கோ தலைகீழ் முறை ஏற்றது. கீழே இரண்டு சிறு கட்டைகள், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளிகள், உச்சியில் தீ. நெருப்பு மெல்லக் கீழிறங்கும்போது, கட்டைகளிலிருந்து எழும் வாயுக்கள் மேலேயுள்ள ஜுவாலையின் ஊடாகவே போக வேண்டியிருப்பதால், முதற்புகை பெரிதும் குறைகிறது. பிறகு, தணல் நன்றாக இருக்கும்போது ஒன்றிரண்டு கட்டையாகப் போட்டு, அவை பற்றும்வரை காற்றைத் தாராளமாக விட வேண்டும்.

கணப்பை அமைக்கும் வேலையை அரைகுறையாகத் தெரிந்தவரிடம் விடலாகாது. ஹெட்டாஸ் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பில் பதிவு செய்த தொழிலாளி அமைத்தால், அவரே வேலை விதிப்படி நடந்ததென்று சான்றிதழ் தருவார். மற்றவரைக் கொண்டு செய்வதானால், நகரசபையின் கட்டட மேற்பார்வைப் பிரிவுக்கு முன்னதாகவே அறிவித்து அனுமதி பெற வேண்டும். கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நஞ்சுவாயுவைக் கண்டு ஓலமிடும் எச்சரிக்கைக் கருவி, கணப்புள்ள அறையிலேயே, அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். உயிர் விஷயமாதலால் இதில் சிக்கனம் வேண்டாம். விறகு எரிக்கிறவர்கள் புகைபோக்கியை ஆண்டுக்கு இருமுறையேனும், அதில் ஒருமுறை குளிர்காலம் தொடங்குமுன்னும், துப்புரவாளரைக் கொண்டு துலக்க வேண்டும். படிந்த தார் தீப்பிடித்தால் கூரையே போய்விடும். பணம் கொடுக்குமுன் கடைசியாக ஒரு காரியம்: விலக்கு என்பது தயாரிப்பாளரின் பெயருக்கு அன்று, ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. ஒரே குடும்பத்துக் கணப்புகளில் 5 கிலோவாட் மாதிரிக்கு விலக்கு இருந்து, 7 கிலோவாட் மாதிரிக்கு இல்லாதிருக்கலாம். மாதிரியின் முழுப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அரசாங்கம் வெளியிடும் பட்டியலில் அது இருக்கிறதா, எந்த எரிபொருளுக்கு என்று ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தையும் அமைப்பாளரின் சான்றிதழையும் வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். நகரசபை அதிகாரி கேட்டாலும், பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வழக்கறிஞர் கேட்டாலும், காட்ட வேண்டியவை அவ்விரண்டுமே.